மீட்டர்காரர் வேகம் கூட்டிய வாரம்

ஒன்பது ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து தோற்றால் எந்த மனிதனுக்கும் ரோஷம் வரும். மீட்டர்காரருக்கும் வந்தது. ஒன்பதாவது தோல்விக்கு மறுநாள் காலை, வாய் நிறையப் பற்பசை நுரையோடு வந்தது.

"முடிவு பண்ணிட்டேன்!" என்றார் குளியலறையிலிருந்து.

"முதல்ல வாயைக் கொப்பளிங்க," என்றாள் மனைவி சமையலறையிலிருந்து.

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்ப்பது அவர் உத்தியோகம். ஞாயிறு மாலை நாலு மணிக்குக் கம்ப்யூட்டரில் கார் பந்தயம் ஓட்டுவது அவர் வாழ்க்கை. எதிராளி வேறு யாருமில்லை, சொந்த மைத்துனன்தான். மூன்று தெரு தள்ளி ரொட்டிக்கடை வைத்திருப்பவன், தன் வீட்டிலிருந்தபடியே ஓட்டுவான். ஒன்பது வாரமாக அவன் காரின் பின்பக்கத்தைப் பார்த்துப் பார்த்து, அதன் நம்பர் பிளேட்டே இவருக்கு மனப்பாடமாகிவிட்டது.

தோற்றதற்குத் தன் கை காரணமாக இருக்கும் என்று அவர் கனவில்கூட நினைத்ததில்லை. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். இவருக்குக் கம்ப்யூட்டர் கோணல்.

"ப்ராசஸர் மந்தமா இருக்கு. ரேமும் மந்தம். ரெண்டையும் ஓவர்க்ளாக் பண்ணப் போறேன்," என்றார் வாயைத் துடைத்துக்கொண்டு.

"க்ளாக்கா? அப்ப என்கிட்டதானே கொடுக்கணும்?"

அவள் கேட்டது நியாயம்தான். அவள் கடிகாரம் பழுதுபார்ப்பவள். ஒரு கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் செத்த கடிகாரமும் எழுந்து ஓடும். உட்காரத்தான் இடமில்லை. சமையல் மேடையின் ஓரத்தில், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துத்தான் வேலை. போன மாதம் உப்பு டப்பாவிலிருந்து ஒரு வினாடி முள் கிடைத்தது. வீட்டில் நல்ல ஜன்னல் உள்ள ஒரே அறையைக் கம்ப்யூட்டர் பிடித்துக்கொண்டிருந்தது. அதிலும், வெளிச்சம் பட்டால் திரை தெரியவில்லை என்று மீட்டர்காரர் அந்த ஜன்னலையும் திரைச்சீலை போட்டு மூடி வைத்திருந்தார். மூன்று வருஷமாக அவள் அந்த அறையைக் கேட்கிறாள். மூன்று வருஷமாக அவர் "பாக்கலாம்" என்கிறார்.

"இது வேற க்ளாக்கும்மா. கம்பெனிக்காரன் இவ்வளவு வேகத்துல ஓடுன்னு சொல்லித்தான் அனுப்புறான். நாம அதுக்கு மேலயும் ஓட வைக்கறோம். உனக்குப் புரியாது."

"வேகமா ஓடற கடிகாரத்துக்குப் பேரு கோளாறுங்க. அதை ரிப்பேர் பண்ணச் சொல்லித்தான் என்கிட்ட கொண்டு வர்றாங்க."

"இந்த ஞாயித்துக்கிழமை உன் தம்பியை ஜெயிச்சுக் காட்டறேன் பாரு. தோத்தா அந்த ரூமை நீயே எடுத்துக்கோ!"

நாக்கில் சனி உட்கார இதைவிட நல்ல நேரம் வேண்டுமா? மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நெஜமாவா?"

"நெஜம்தான். ஆனா ஒரு கண்டிஷன். ஞாயித்துக்கிழமை பந்தயம் முடியற வரைக்கும் நீ கம்ப்யூட்டர்ல கை வைக்கக் கூடாது. அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசவும் கூடாது."

"சரி."

கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவள் ஒரே சொல்லில் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. அப்போதே மனிதர் சுதாரித்திருக்க வேண்டும். எங்கே!

அன்று மாலை அறையில் யுத்தம் தொடங்கியது. கம்ப்யூட்டர் கண் விழிக்கும் நேரத்தில் ஒரு பொத்தானைத் தட்டினால் அதன் உள்விவகாரங்கள் அடங்கிய பக்கம் திறக்கும். அங்கே போய் ப்ராசஸரின் வேகத்தை ஏற்றினார். கம்ப்யூட்டர் கிளம்ப மறுத்தது. கொஞ்சம் இறக்கினார், வோல்டேஜை ஒரு சிட்டிகை கூட்டினார். கிளம்பியது, ஆனால் ஃபேன் மிக்ஸி மாதிரி அலறியது. ரேமை ஏற்றினார். திரை நீலமாகி நின்றது. இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார். மூன்று மணி நேரம் கழித்து ஒருவழியாக எல்லாம் ஒத்துப்போனது. சோதனைக்காக ஒரு சுற்று ஓட்டினார். கார் வழுக்கிக்கொண்டு போனது. "எங்கடா மாப்பிள்ளை உன் நம்பர் பிளேட்டு?" என்று காலி அறையைப் பார்த்துக் கேட்டார்.

மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது வழக்கம்போல எல்லா சுவிட்சையும் அணைத்தார். அது அவரே போட்ட சட்டம். தெருவிலேயே குறைவாக ஓடும் மீட்டர் தன் வீட்டு மீட்டர் என்பதில் அவருக்கு அப்படி ஒரு கர்வம். வாசல் கதவுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி ஒட்டியும் இருந்தார்: 'வெளியே போகும்போதும், ஆளில்லாத அறையிலும் எல்லா சுவிட்சையும் அணைக்கவும். மறந்தேன் என்று சொல்ல வேண்டாம்.' கடைசி வரி மனைவிக்காகச் சேர்த்தது.

செவ்வாய் மாலை வந்து கம்ப்யூட்டரைப் போட்டார். ஆங்கிலத்தில் ஏதோ நாலு வரி வந்தது. எழுதி வந்ததைப் படிக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. ஒரு பொத்தானைத் தட்டி அனுப்பிவிட்டார். உள்ளே போய்ப் பார்த்தால் வேகம் பழைய வேகம். நேற்று ஏற்றிய ஒன்றுகூட இல்லை. திரையின் மூலையில் மணி பன்னிரண்டு, தேதி என்றோ போன ஏதோ ஒரு ஜனவரி ஒன்று.

"யாரு இதுல கை வச்சது?"

"யாரும் வைக்கலையே."

"அப்ப நேத்து வச்சதெல்லாம் எங்க போச்சு?"

மனைவி எட்டிப் பார்த்தாள். மூலையில் இருந்த தேதியில் அவள் பார்வை நின்றது.

"என்னங்க, அந்தத் தேதி..."

"பேசக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"அப்புறம்?"

அவள் வாயை மூடிக்கொண்டு போய்விட்டாள். மீட்டர்காரர் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

புதனும் அதே கதை. மாலையில் ஏற்றுவார், காலையில் அணைப்பார், மறுபடி மாலையில் வந்தால் ஜனவரி ஒன்று. மனிதருக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. எலியைச் சந்தேகப்பட்டார். தெருவழியே மைத்துனன் ஏதாவது மந்திரம் போடுகிறானோ என்றுகூட யோசித்தார். கடைசியில் சந்தேகம் வழக்கமான இடத்துக்கே வந்து சேர்ந்தது. வியாழக்கிழமை காலை, மனைவி பார்க்காதபோது, அறைக் கதவிடுக்கில் செலோடேப் ஒட்டிவிட்டுப் போனார். மாலையில் டேப் ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. உள்ளே வேகம் மட்டும் இல்லை.

"எனக்கு அழுகையா வருது," என்றார் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு. உண்மையிலேயே வந்தது.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா?"

"வேண்டாம்!"

சனிக்கிழமை காலை சலவைக்கடைக்காரர் ஒரு மேஜைக் கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். கரண்டில் ஓடும் ரகம். உள்ளறையில் மீட்டர்காரர் ஐந்தாவது தடவையாக ரேமோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, இது ஒரு விசித்திரமான வியாதி. பிளக்குல இருக்கற வரைக்கும் தங்கமா ஓடுது. பிளக்கைப் பிடுங்கினா போச்சு. நேரம், நான் வச்ச அலாரம், எல்லாத்தையும் மறந்துட்டு பன்னிரண்டு மணிக்குப் போய் நிக்குது."

"விசித்திரமெல்லாம் இல்லைங்க," என்றாள் அவள். குரலை வழக்கத்தைவிடக் கொஞ்சம் உயர்த்தியே சொன்னாள். "உள்ள காசு மாதிரி ஒரு சின்ன செல் இருக்கும். கரண்ட் இல்லாதப்ப அதுதான் எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருக்கும். அது செத்துப்போச்சுன்னா நாம வச்சது எதுவும் நிக்காது. மாத்தறது ரெண்டு நிமிஷ வேலை."

"ரெண்டே நிமிஷமா! நான் ஒரு வாரமா தலையை உடைச்சுக்கிட்டு இருந்தேனே!"

"கேட்டாத்தானேங்க தெரியும்."

உள்ளிருந்து ஒரு கத்தல் வந்தது. "அங்க என்ன சத்தம்? இது ஏன் எல்லாத்தையும் மறக்குதுன்னு நான் இங்க மண்டையைப் பிச்சுக்கிட்டு இருக்கேன், கடிகாரக் கதை பேசிக்கிட்டு!"

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்களே, அந்த வெண்ணெய் அடுத்த அறையில் உட்கார்ந்து ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மீட்டர்காரர் புத்திசாலியாகிவிட்டார். காலையிலிருந்தே ஏற்ற ஆரம்பித்தார். இன்று வெளியே போகப்போவதில்லை, ஆகவே அணைக்கப்போவதும் இல்லை. மத்தியானத்துக்குள் ப்ராசஸர் பறந்தது, ரேம் பறந்தது. மூன்றரை மணிக்குச் சோதனைச் சுற்றில் தன் பழைய நேரத்தைப் பதினோரு வினாடி வித்தியாசத்தில் முறியடித்தார். நாலு மணிக்கு ஆறு நிமிஷம் இருக்கும்போது, வெற்றி வீரன் வியர்வையோடு இருக்கலாகாது என்று முகம் கழுவப் போனார்.

திரும்பி வந்தபோது அறை நிசப்தமாக இருந்தது. ஃபேன் சத்தம் இல்லை. திரை கறுப்பு.

"யாரு அணைச்சது?"

"நான்தாங்க."

"ஏன்?"

"ஆளில்லாத அறைங்க." அவள் வாசல் பக்கம் கையைக் காட்டினாள். சிவப்பு எழுத்து தூரத்திலிருந்தே தெரிந்தது.

"கம்ப்யூட்டர்ல கை வைக்கக் கூடாதுன்னு சொன்னேனே!"

"கம்ப்யூட்டர்ல எங்க வச்சேன்? சுவத்துல வச்சேன்."

பாய்ந்து போய் சுவிட்சைப் போட்டார். ஆங்கிலத்தில் நாலு வரி. ஜனவரி ஒன்று. போன் அடித்தது. மைத்துனன்.

"அத்தான், ரெடியா? மூணு நிமிஷம்தான் இருக்கு."

"ஒரு அரைமணி நேரம் தள்ளி வச்சுக்கலாமா மாப்பிள்ளை?"

"அடுப்புல ரொட்டி இருக்கு அத்தான். இப்ப ஓட்டலைன்னா நீங்க தோத்ததா எடுத்துக்கறேன்."

ஓட்டினார். இந்த முறை நம்பர் பிளேட்டைக்கூடப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை திரைச்சீலை கழன்றது. ஜன்னலோரம் ஒரு மேஜை வந்தது, அதன்மேல் கடிகாரங்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. கம்ப்யூட்டர் சமையல் மேடையின் ஓரத்துக்கு, உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் குடிபெயர்ந்தது. போகிற போக்கில் மனைவி அதன் பக்கவாட்டுப் பலகையைக் கழற்றி, உள்ளேயிருந்து காசு மாதிரி ஒன்றை நெம்பி எடுத்து, புதிதாக ஒன்றைப் போட்டு மூடினாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"இவ்வளவுதானா? இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"மூணு தடவை சொல்ல வந்தேன். இப்பதான் பேசலாம்."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினார். ஜன்னல் வெளிச்சத்தில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தாள். மூன்று வருஷத்தில் முதல்முறையாகக் கண்ணைக் கசக்காமல் வேலை செய்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மனசு கொஞ்சம் சுருங்கியது. அதை வெளியே சொல்லும் அளவுக்கு அவர் இன்னும் தோற்றுவிடவில்லை.

அந்த வாரம் ஏற்றிய வேகமெல்லாம் ஏற்றிய இடத்திலேயே நின்றது. சுவிட்சை அணைத்தாலும் நின்றது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு, மிளகாய்ப் பொடிக்கும் உப்புக்கும் நடுவே உட்கார்ந்து, பறக்கிற ப்ராசஸரும் பறக்கிற ரேமுமாக, மீட்டர்காரர் பந்தயம் ஓட்டினார். பதினோராவது முறையாகத் தோற்றார்.

"இன்னும் மெஷின்ல ஏதோ கோளாறு இருக்கு!" என்று ஜன்னல் அறைக்கு ஓடினார். "வந்து சரியா பாரு!"

அவள் கண்ணிலிருந்த கண்ணாடியை எடுக்கவில்லை, திரும்பவும் இல்லை. "ரிப்பேர் பண்ணின எல்லாத்துலயும் சீட்டு கட்டுவேனே. உங்களுதுலயும் கட்டியிருக்கேன். படிக்கலையா?"

போய்ப் பார்த்தார். கம்ப்யூட்டரின் பின்புறம் நூலில் ஒரு சீட்டு ஒரு வாரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, எழுதியிருந்ததை முழுசாகப் படித்தார்.

'செல் புதிது. மெஷின் நன்றாக ஓடுகிறது. மீதிக் கோளாறு ஓட்டுபவரிடம். அந்த ரிப்பேர் இங்கே செய்வதில்லை.'