தொப்பி கழற்றிய விவரம்

அன்புமிக்க மாப்பிள்ளைக்கு,

மாமனார் வாழ்த்தி எழுதுவது. வேலை பார்க்கும் ஊரில் நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம். உங்கள் மனைவிக்குக் கணுக்கால் சுளுக்கு, அவள் என்னோடு பேசுவதில்லை, அவ்வளவுதான்.

அவள் சொல்லி நீங்கள் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். காலை ஊன்ற முடியாததால், அவளுடைய கணித ஆய்வேட்டை அச்சிட்டுப் பல்கலைக்கழகத்தில் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஆயுசு முழுக்க அலுவலகக் கோப்புகளைத் திருத்தியவன் கண்ணை மூடிக்கொண்டா அச்சடிப்பேன்? கடைக் கணினியில் பார்த்தால், A என்ற எழுத்து ஓரிடத்தில் தலையில் தொப்பியோடு நிற்கிறது, அடுத்த வரியிலேயே மொட்டையாக நிற்கிறது. கவனக்குறைவு! எல்லாத் தொப்பியையும் எடுக்கச் சொன்னேன். போதாததற்கு, தொப்பி போட்ட A வருகிற இடமெல்லாம் பின்னாலேயே D என்று ஓர் எழுத்து, அடைப்புக்குறிக்குள் மறுபடி அதே A. சொன்னதையே எத்தனை தடவை சொல்வது? அதையும் வெட்டச் சொன்னேன். கடைக்காரர் தங்கமான மனிதர். "சரி சார், நீங்க அப்படி உக்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். அவர் கட்டிக் கொடுத்த பொட்டலத்தை அப்படியே ஒப்படைத்துவிட்டு வந்து, சாப்பிடும்போது பெருமையாகச் சொன்னேன்.

மகள் தட்டைத் தள்ளிவிட்டாள். "அப்பா! தொப்பி போட்டா அது செயலி, இன்னொண்ணு மேல வேலை செஞ்சு அதை மாத்தறது. போடலைன்னா வெறும் எண்! அந்த D அதோட சார்பகம். செயலி எது எது மேல வேலை செய்யும்னு சொல்றது. அது மாறினா செயலியே வேற ஆயிடும்! என் ஆய்வே அதைப் பத்தித்தான்!"

"வேலை ஒண்ணுதானே, எங்க செஞ்சா என்னம்மா?" என்று நியாயமாகத்தான் கேட்டேன்.

உங்கள் மாமியார் கரண்டியோடு வந்து, "உங்களுக்கும் ஒரு சார்பகம் குறிச்சு விட்டிருக்கணும். கண்ட இடத்துல எல்லாம் செயல்படறீங்க" என்றாள். மகள் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். பிறகு சிரித்ததற்கும் சேர்த்து அழுதாள்.

நீங்கள் சொன்னால் கேட்பாள். சுருக்கமாக எழுதிய கணக்கை எந்தப் பேராசிரியரும் வெறுக்க மாட்டார் என்று எடுத்துச் சொல்லுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சகல நன்மையும் உங்களைத் தேடி வரட்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மகள் கடைக்காரருக்குப் போன் போட்டுவிட்டாள். அவர் ஒரு தொப்பியைக்கூடத் தொடவில்லையாம். "ஆய்வேடு அடிக்க வர்ற எல்லா அப்பாவும் ஏதாவது திருத்தச் சொல்வாங்கம்மா. தலைய ஆட்டிட்டு, இருக்கறத இருக்கறபடியே அடிச்சுக் குடுத்துடுவோம்" என்றாராம். வீடே சிரிக்கிறது, மகளும் பேசிவிட்டாள். ஆனால், வாடிக்கையாளர் சொன்னதைச் செய்யாத அந்த ஆள் மேல் எங்கே புகார் கொடுப்பது என்று உடனே விசாரித்து எழுதவும்.