சங்கு வேண்டாத ஊர்

மனித குலம் புயலுக்கு அஞ்சி ஓடிய காலம் மலையேறிவிட்டது. புயலுக்கு அடிக்குறிப்பு எழுதும் பொற்காலம் பிறந்துவிட்டது. அமெரிக்காவின் கன்சாஸில் டோபின் ஓடை என்ற ஊரில் அது ஒரு மே மாதச் சனிக்கிழமை பிற்பகல், நூலகத்தில், காப்பியும் டோனட்டுமாகப் பிறந்தது. வானிலை ஆர்வலர் மன்றம் அறிவிப்பு ஒட்டியிருந்தது: ‘உங்கள் சூறாவளியை இணையக் கலைக்களஞ்சியத்தில் நீங்களே எழுதுங்கள். யாரும் எழுதலாம்.’

எழுபத்தெட்டு வயது ஆர்வில் ஸ்டக்கி கணினி முன் உட்கார்ந்தது கலைக்களஞ்சியத்தின் மேல் உள்ள ஆசையால் அல்ல. ஊருக்கு ஓர் அபாயச் சங்கு வேண்டும். மூன்று வருடமாகக் கேட்கிறார். ‘அங்கே சூறாவளி வந்ததாகக் குறிப்பு இல்லை’ என்று மூன்று வருடமாக மாவட்டக் குழு சொல்கிறது.

இரண்டு விரலால் தட்டினார்: ‘மூன்று வருடம் முந்தி வந்தது. என் கொட்டகையைத் தூக்கிப் போனது. அடுத்த பண்ணைக் குளியல் தொட்டியை என் கோதுமை வயலில் வைத்துவிட்டுப் போனது.’

நான்காவது நிமிடம் அதைக் காணோம்.

“யாருப்பா அழிச்சது?”

“நார்வேல ஒருத்தர்,” என்றான் மன்றத் தலைவன் ட்ரெண்ட், பக்தியோடு. “நானூறு சூறாவளியத் திருத்தியிருக்காரு.”

“நேர்ல எத்தனை பாத்திருக்காரு?”

“நேர்ல பாத்தவங்க எழுதக் கூடாது பெரியவரே. அது ஒருதலைப்பட்சம். உங்க கொட்டகை போயிருக்கு, புயல் மேல உங்களுக்குக் கோவம் இருக்கும்ல?”

“பின்ன, முத்தமா குடுப்பேன்?”

“பத்திரிகைல ஏதாவது வந்துச்சா?”

“நம்ம ஊர்ப் பத்திரிகை ஆபீஸ் கூரையும் அன்னிக்கேதான் போச்சு. அதுக்கப்புறம் அவங்க தொறக்கவே இல்ல.”

“அதுக்கு ஆதாரம்?”

பதில் சொல்ல வாயெடுத்த ஆர்வில் ஜன்னலைப் பார்த்தார். சூறாவளிக்கு முன்னால் வரும் பச்சை நிறத்துக்கு வானம் மாறியிருந்தது. காற்று சுத்தமாக நின்றிருந்தது.

“எல்லாரும் நிலவறைக்கு இறங்குங்க.”

ட்ரெண்ட் போனைத் தடவினான். “ரேடார்ல இன்னும் ஒண்ணும் வரலையே...”

ஆர்வில் கன்றுக்குட்டிகளை அரை மைல் தூரத்திலிருந்து கூப்பிட்டுப் பழகியவர். அந்தக் குரலை எடுத்தார். “இறங்குடா.”

பதினான்கு ஆர்வலர்களும் ஒரு டோனட் பெட்டியும் இறங்கிய மறுநிமிடம் நூலகக் கூரை மேலே போனது.

ஒரு வாரத்தில் இந்தச் சூறாவளிக்குக் கட்டுரை தயார். பன்னிரண்டு படம், நாற்பது அடிக்குறிப்பு. ‘முதியவர் ஒருவர் கத்தியதால் அனைவரும் பிழைத்தனர்’ என்று ட்ரெண்ட் நன்றியோடு சேர்த்த வரியை, ஆதாரமில்லை என்று நார்வே நீக்கியது. மிஞ்சியது: ‘உயிர்ச்சேதம் இல்லை. காயம் இல்லை. ஊரில் அபாயச் சங்கு இல்லை.’ கட்டுரைக்குச் ‘சிறந்த படைப்பு’ நட்சத்திரம் கிடைத்தது.

ஆர்வில் அதை அச்செடுத்து மாவட்டக் குழுவிடம் கொண்டுபோனார். தலைவி லவான் பீச்சம் கண்ணாடி போட்டு முழுக்கப் படித்தார்.

“பிரமாதமா எழுதியிருக்காங்க. சங்கு இல்லாமலே யாருக்கும் ஒரு கீறல் இல்லையே ஐயா. அப்புறம் எதுக்குச் சங்கு?”

“நான் கத்தினேம்மா.”

லவான் தாள்களை முன்னும் பின்னும் புரட்டினார். “அது இதுல இல்லையே.”

குழுவின் தீர்மானம் மாவட்டப் பத்திரிகையில் வந்தது. அன்றே கட்டுரையில் நாற்பத்தோராவது அடிக்குறிப்பு ஏறியது: ‘டோபின் ஓடைக்குச் சங்கு தேவையில்லை.’ நார்வே அதில் கை வைக்கவில்லை. அச்சில் வந்த ஆதாரம் இருந்தது.