மைதா சார் படித்த பாட்டில்

சித்தூரில் எங்கள் தெருவைச் சுற்றி எழுத்துள்ள எந்தக் கல்லும் மைதா பூசிக்கொள்ளாமல் தப்பியதில்லை. மைல்கல், சமாதிக் கல், மந்திரி திறந்த மதகின் பெயர்க் கல், எதுவானாலும் மைதாவைத் தேய்த்து, எழுத்து தெளிந்ததும் படிப்பார் மைதா சார். மாம்பழக்கூழ் ஆலையில் ஸ்டோர் கீப்பர். டீயில்கூடச் சர்க்கரை போடாத சர்க்கரை நோயாளி. அவர் உண்மைப் பெயர் ஆலையின் சம்பளப் பட்டியலுக்கு மட்டுமே தெரியும்.

ஒருமுறை மனைவியோடு திருப்பதி போனவர், வழியில் ஒரு கோயில் சுவரைப் படிக்க நின்றுவிட்டார். அந்த அம்மா தரிசனம் முடித்து லட்டோடு திரும்பினார்.

"இன்னும் பதினோராவது வரியிலயே கீறீங்களா?"

"சாமி எங்கயும் போவ மாட்டாருடி. சுண்ணாம்பு அடிச்சா இந்த வரி போயிடும்."

வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டுக்கு விமானம் ஏறிய காலம் அது. என் கணவரும் அதே ஆலையிலிருந்து ஜார்ஜியா நாட்டுப் பழச்சாறு ஆலைக்குப் போயிருந்தார். ஊருக்கு வந்த நண்பரிடம் ஒரு பழுப்பு பாட்டில் கொடுத்தனுப்பினார். வழியில் கசிந்து லேபிள் கழன்றுவிட்டது. எலுமிச்சை வாசனை. இருமல் மருந்து என்று நினைத்து மகளுக்கு மூன்று ஸ்பூன் கொடுத்தேன். மூன்றாவது ஸ்பூனுக்குப் பிறகுதான் சந்தேகம் வந்தது. எனக்கு எப்போதும் அந்த வரிசையில்தான் வரும்.

"பாத்திரம் தேய்க்கிற மருந்துகூட இப்டித்தான் வாசனை வரும்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா, ஆறுதலாக.

ஐ.எஸ்.டி. பூத்தில் லைன் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தேன். என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டால்? மைதா சார் வாசலில் நிறுத்தச் சொன்னேன்.

பாட்டில் கண்ணாடியிலேயே மங்கலாக எழுத்து இருந்தது. மைதா தேய்த்தார்.

"பூரிக்கு வச்சதுங்க அது!" என்று உள்ளிருந்து குரல்.

"உருண்டை உருண்டையா, நம்ம தெலுங்குக்குத் தங்கச்சி மாதிரி கீது. இந்த எழுத்த யாரு செஞ்சதுன்னு இன்னும் சண்டைதாம்மா. ராஜான்றான் ஒருத்தன், பாதிரின்றான் ஒருத்தன். என்னைக் கேட்டா..."

"சார், கொழந்தை!"

"சரி சரி. ஒரே பேரை ரெண்டு எழுத்துலயும் போட்டது எதனா கீதா?"

கணவர் அனுப்பிய விசிட்டிங் கார்டு பர்சில் இருந்தது. ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் அந்த எழுத்து. கணவர் பெயர் மனோகரன், ஊர் திபிலிசி. மைதா சார் அதோடு பாட்டில் எழுத்தை ஒவ்வொன்றாகப் பொருத்தினார்.

"லி... மோ... னி..."

"எலுமிச்சை!" என்று கத்தினேன்.

"சோப்புலயும் எலுமிச்சை போடறாங்களேம்மா."

"அடுத்த சொல்லப் படிங்க சார்!"

அடுத்த சொல்லில் "சிரோ" வரை வந்தது. அதற்கடுத்த எழுத்து கார்டில் இல்லை. வெளியே ஆட்டோக்காரர், "த்வரகா ரண்டி அம்மா!" என்று தெலுங்கில் அவசரப்படுத்தினார். மகளோ சிந்திய மைதாவைத் தின்றுகொண்டிருந்தாள். வாயைக் கழுவக் கொல்லைப்பக்கம் தூக்கிப் போனேன்.

திரும்பியபோது மைதா சார் நிமிர்ந்து நின்றார்.

"அது 'ப'தாம்மா. சிரோபி. சிரப்பு! தண்ணியில கலந்து குடிக்கிறது."

"நிச்சயமா சார்?"

"சந்தேகம் இருந்தா வாயத் தொறப்பனா?"

இருந்தும் டாக்டரிடம் காட்டினேன். மகளைப் பார்த்துவிட்டுச் சிரித்து அனுப்பினார். மறுநாள் கணவரும் போனில், "எலுமிச்சை சிரப்புதான்" என்றார். அதன்பிறகுதான் பாட்டிலை எடுத்து நிதானமாகப் பார்த்தேன்.

கசிந்ததும் நான் கொடுத்ததும் போக, இன்னும் ஒரு டம்ளர் அளவு குறைந்திருந்தது. பாட்டிலின் வாயைச் சுற்றி மைதா விரல்களின் தடம். அந்த ஓர் எழுத்தை மட்டும் அந்தச் சர்க்கரை நோயாளி குடித்துப் பார்த்துப் படித்திருக்கிறார்.