நாலாவது ஆள்

"ஸ்ரீஸ்கந்தராசா, அந்த நாலாவது ஆளைக் கொஞ்சம் வெளியில வரச் சொல்லும்."

வீட்டுச் சொந்தக்காரர் சிவானந்தன் வாசலில் நின்றார். அவருடைய கைபேசியில் ஞாயிற்றுக்கிழமை வந்த 'சோடிப் பொருத்தம்' நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது.

போட்டிக்கு வருகிற சோடிகளின் படபடப்பு அடங்கட்டும் என்று அதில் முதலில் ஒரு சுலபமான கேள்வி கேட்பார்கள். "உங்கட வீட்டில எத்தினை பேர்?" கணவனும் மனைவியும் தனித்தனியே பலகையில் எழுத வேண்டும். மனைவி கௌரி மூன்று என்று எழுதினாள். ஸ்ரீஸ்கந்தராசா நான்கு என்று எழுதினார்.

"அங்கிள், அந்த நாலாவது ஆள் ஆர்? ஆன்ட்டிக்குத் தெரியுமோ?" என்று அறிவிப்பாளர் கேட்க, அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிக்க ஒரு சாட்டுக் கிடைத்தால் ஊர் விடுமா? திங்கட்கிழமைக்குள் வெள்ளவத்தை முழுவதும் பார்த்துவிட்டது.

சிவானந்தனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வாடகை ஒப்பந்தத்தில் மூன்று பேர்தான். ஒரு தலை கூடினாலும் வீட்டை விடவேண்டும். மகள் மிதுனாவுக்கு அடுத்த கிழமை கம்பஸில் கடைசிச் சோதனை.

"வேலைக்கு வாறவவையும் சேர்த்து எண்ணிப்போட்டன்," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

"வேலைக்கு வேற ஆள் வைச்சிருக்கிறீரோ? அதுதான் தண்ணி பில் ஏறுது!"

"ஐயோ, அப்பிடி ஒருத்தரும் இல்லை. பதட்டத்தில என்னையே ரெண்டு தரம் எண்ணிப்போட்டன்."

"அப்ப மூண்டு பேர்தான் எண்டு ஒரு சத்தியக்கடதாசி தாரும்."

அது பெரிய வேலையில்லை. ஸ்ரீஸ்கந்தராசா, நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் கிளார்க். ஊராருக்கு நாளொன்றுக்குப் பத்துச் சத்தியக்கடதாசி அடிக்கிறவர். 'எனது குடும்பத்தில் மூவர் மட்டுமே. வேறெவரும் இல்லை' என்று அடித்தார். கையெழுத்து வைக்கும்போது கிழித்தார். மறுபடி அடித்தார், மறுபடி கிழித்தார்.

"எத்தினை பொய்ச் சத்தியம் அடிச்ச கை, உண்மையைக் கிழிக்குது!" என்று சட்டத்தரணி சிரித்தார்.

வெறுங்கையோடு வந்தவரைக் கௌரி பிடித்துக்கொண்டாள். "உலகமே சிரிக்குது. மூண்டெண்டு எழுதிக் கையெழுத்து வைக்க என்னப்பா கஷ்டம்? பிள்ளையை றோட்டில விடப்போறீங்களோ?"

அவர் முகம் கழுவப் போனார். பாவம், வெகுநேரம் கழுவினார்.

மறுநாள் பின்னேரம் சிவானந்தன், வீட்டு ஆட்களின் பதிவை வைத்திருக்கிற கிராம சேவகர் ஷபீகாவையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கௌரிக்கு முகம் வெளிறியது.

"இவவை ஏன் கூப்பிட்டனீங்கள்? நானே அவரைக்கொண்டு கையெழுத்து வைப்பிக்கிறன். நீங்கள் போங்கோ."

ஷபீகா அதற்குள் கோப்பைத் திறந்துவிட்டாள்.

"பாருங்கோ மிஸ்," என்றார் சிவானந்தன். "இந்த மனுசனுக்குச் சொந்த வீட்டில எத்தினை பேரெண்டு தெரியேல்லை. நல்ல காலம், மனுசி எண்டாலும் சரியா எழுதினா."

ஷபீகா கோப்பிலிருந்த படிவத்தைப் பார்த்தாள். பிறகு கௌரியைப் பார்த்தாள். கௌரி தலை குனிந்தபடி கதிரையில் இருந்துவிட்டாள்.

"ரீவில பொய் எழுதினது ஆன்ட்டிதான்," என்றாள் ஷபீகா. "வருஷா வருஷம் இந்தப் படிவத்தில அவங்கட கையாலதான் நாலு பேர்னு எழுதித் தாராங்க, காணாமப் போன மகனையும் சேத்து."