தலையில் வளர்ந்த புரோநோட்டு

கொடுத்த கடனுக்குப் புரோநோட்டு எழுதி வாங்கியவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதைத் தலையிலேயே வளர்த்த மனிதர், ஏழு கண்டத்தில் தேடினாலும், எங்கள் திருத்தணி சடை பாவா ஒருவர்தான்.

மலையடிவாரத்தில், மொட்டை போட்டு வருகிறவர்களுக்குச் சந்தனம் பூசுவது அவர் தொழில். நாளெல்லாம் மொட்டைத் தலைகளைத் தடவுகிறவருக்கு முதுகை மறைக்கும் முடி. அந்த முடிக்குக் காரணம் அடியேன்.

தினமும் ஒன்றாக டீ குடிக்கிற பழக்கத்தில், பைக்குக்கு முன்பணம் கட்டப் பாவாவிடம் பத்தாயிரம் கேட்டேன். காகிதம், சாட்சி எதுவும் இல்லாமல் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "தீபாவளிக்குள்ள குடுத்துடறேன் பாவா" என்றேன். எந்தத் தீபாவளி என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இரண்டாவது தீபாவளியும் போன பிறகு, கடைத்தெருவில் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"எழுதியா குடுத்தேன்?" என்றேன்.

"செரி நைனா. நீ எழுதல. நான் எழுதிக்கிறேன்" என்றார், சத்தமே போடாமல். மறுநாள் மலைக்குப் போய் ஏதோ வேண்டிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து ஐந்து வருஷம் அவர் தலையில் கத்தி படவில்லை. நானும் வீம்புக்குக் கொடுக்கவில்லை.

சந்தனம் பூச வந்த ஒவ்வொரு மொட்டையும் கேட்டது: "உங்களுக்கு எப்போங்க மொட்டை?"

"அத்தோ போறான் பாருங்க, அவன் என் பத்தாயிரத்த தந்தா."

ஆந்திராக்காரர்களுக்கு இதையே தெலுங்கில் சொல்வார். ஒவ்வொரு கிருத்திகைக்கும் இரண்டு மாநிலத்தில் என் மானம் போனது. பள்ளிப்பட்டு பஸ் கண்டக்டர்கூட டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "இன்னா சார், பாவாவுக்கு எப்போ மொட்டை?" என்பார்.

நானும் சும்மா இருக்கவில்லை. பாவா மதியம் தூங்கும்போது முடியைக் கத்தரித்துவிடும்படி ஒரு சலூன்காரருக்கு இருநூறு ரூபாய் கொடுத்து அனுப்பினேன். கத்தரி காதருகே போனதும் பாவா ஒரு கண்ணை மட்டும் திறந்தாராம். "வெட்டுப்பா. பத்தாயிரத்த வெச்சிட்டு வெட்டு." சலூன்காரர் அந்த இருநூறைத் திருப்பித் தரவில்லை. அதற்கும் எழுத்து இல்லை.

பிறகு பள்ளிப்பட்டுக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பாவுக்குத் தலையில் அப்போதுதான் முடி முளைத்துக்கொண்டிருந்தது. பார்த்தவுடனே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். காபி குடித்து முடித்ததும் அவர் தன் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "மாப்பிள்ள நல்லவருதாங்க. அந்தச் சந்தனக்காரரு மொட்டை போடட்டும், அப்புறம் பேசலாம்."

பைக்கை விற்றேன்.

"செல்போன்ல அனுப்பிடட்டுமா பாவா?"

"வாயால வாங்கினே, கையால குடு நைனா."

கொடுத்தேன். வட்டி எவ்வளவு என்று கேட்டேன். முடியைத் தூக்கிக் காட்டினார். "அசலு எனக்கு. வட்டி சாமிக்கு."

மறுநாள் காலை மொட்டை போடும் மண்டபத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அங்கே புதிதாக வேலைக்கு வந்திருந்தவர் கத்தியை நனைத்துக்கொண்டே, "இன்னா வேண்டுதலுங்க?" என்று கேட்டார். ஊருக்கெல்லாம் சொன்ன வாய் இங்கேயா சும்மா இருக்கப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"சிநேகிதன் ஒருத்தன் காணாம பூட்டான்" என்றார் பாவா. "நேத்து கெடச்சிட்டான்."

எனக்கு வெட்கத்தில் அழுகை வந்துவிட்டது. அன்றைக்கு அவர் மொட்டைக்குச் சந்தனம் நான்தான் பூசினேன்.