கவுன்சிலுக்குக் காட்ட நாற்பது பேர்

நாற்காலிகளை எத்தனை தரம் துடைத்தாலும் அவற்றில் ஆள் முளைக்காது. இது தெரிந்தும் செபமாலைமுத்து திங்கட்கிழமை காலையிலிருந்து அவற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் பகல், சேவைக்குப் பணம் கொடுக்கும் நகர கவுன்சிலிலிருந்து மிஸ் பென்ரோஸ் என்பவர் வருகிறார். லண்டன் ஆர்ச்வே தேவாலய மண்டபத்தில் நடக்கும் லத்தீன் அமெரிக்கக் குடும்ப சேவைக்கு உண்மையிலேயே குடும்பங்கள் வருகின்றனவா என்று அவர் கண்ணால் பார்க்க வேண்டுமாம். மண்டபம் காலியாக இருந்தால் பங்குனியோடு சேவையை மூடிவிடுவார்கள். எண்பத்தொன்பதாம் ஆண்டு, கவுன்சில்கள் கையை இறுக்கிச் செலவு செய்த காலம்.

மன்னாரில் பிறந்த ஒருவர் லத்தீன் அமெரிக்கருக்குச் சேவை செய்ய வந்தது எப்படி என்று கேட்பவர்களுக்கு அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது: கப்பல். பனாமாக் கொடி கட்டிய சரக்குக் கப்பலில், சிலி நாட்டுச் சமையற்காரன் ஒருவனோடு ஒரே அறையில் வருடக்கணக்காகப் படுத்தெழும்பியவர் அவர். ஸ்பானிஷில் முதலில் கற்றது வசவு, பிறகு செபம். மற்றதெல்லாம் இடையில் தானாக வந்து சேர்ந்தது.

சேவையும் பொய்யில்லை, குடும்பங்களும் பொய்யில்லை. கொலம்பியாவிலிருந்தும் எக்குவடோரிலிருந்தும் வந்தவர்கள் அந்த வட்டாரத்தில் தாராளமாக இருந்தார்கள். விடியுமுன்னும் பொழுதுபட்ட பின்னும் கந்தோர்களைக் கூட்டித் துடைப்பார்கள், பகலில் உறங்குவார்கள். பாதிப் பேருக்கு விசா இல்லை. கவுன்சில் என்ற சொல்லைக் கேட்டாலே பின்கதவு எங்கே என்று பார்ப்பார்கள். ஆகவே செபமாலைமுத்து தமது சேவையை பஸ் தரிப்பிலும், உடுப்புத் தோய்க்கும் கடையிலும், ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் வாங்கிலுமே நடத்தி வந்தார். மண்டபத்துக்கு ஒரு குஞ்சும் வந்ததில்லை.

வேலை போனால் சம்பளம் போகும், அது ஒரு புறம். மர்லேனி என்ற கொலம்பியத் தாயின் மகளுக்கு அடுத்த மாதம் இதயத்தில் ஆபரேஷன். டொக்டர் சொல்வதை அந்தத் தாய்க்கு எடுத்துச் சொல்ல அவரை விட்டால் வேறு நாதியில்லை. இந்த வேலை போய், பெற்றோல் ஷெட்டில் பகல் ஷிப்ட்டுக்குப் போக வேண்டி வந்தால் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் யார் நிற்பது?

சனி ஞாயிறு இரண்டு நாளும் வீடு வீடாகப் போய்க் கேட்டிருந்தார். கட்டாயம் வருகிறோம் என்று எல்லாரும் சொன்னார்கள். கலியாணத்துக்குச் சொல்ல வந்தவரிடம் "ஓம், பாப்பம்" என்று சொல்லி அனுப்பும் ஊரில் பிறந்தவருக்கு அந்தக் கட்டாயத்தின் பெறுமதி தெரியாதா? மர்லேனி மட்டுமே முகத்துக்கு நேரே மறுத்தார். வருகிறவள் பெயர் கேட்பாள், பெயர் சொன்னால் விலாசம் கேட்பாள், விலாசம் சொன்னால் அடுத்தது விமானம்தான் என்றார்.

திங்கள் பின்னேரம் மனைவி மெற்றில்டா தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் இருந்தார்.

"இஞ்சேருங்கோ, அந்தக் கவுன்சில்காரி கொலம்பியா ஆக்களை முந்திக் கண்டிருக்கிறாவோ?"

"எங்க காணுறது? வேலைக்கு வந்தே ஒரு மாசம் ஆகேல்லை. என்னையே இன்னும் காணேல்லை."

"அப்ப எங்கட ஆக்களைக் கூப்பிடுவம். நிறம் ஒண்டு, தலைமயிர் ஒண்டு, மாதாவும் ஒண்டு. வெள்ளைக்காரிக்கு என்ன வித்தியாசம் தெரியப்போகுது?"

முதல் கோப்பை முடியும்வரை அது பாவம் என்றார் செபமாலைமுத்து. இரண்டாவது கோப்பை முடியும்போது பத்துப் பேர் போதும் என்றார்.

மெற்றில்டா ஒரேயொரு வீட்டுக்குத்தான் போன் எடுத்தார். அதற்கு மேல் அவர் செய்ய எதுவுமில்லை. ஒரு தமிழ் வீட்டுக்குச் சொன்னால் போதும், மிச்சத்தை அந்த வீடு பார்த்துக்கொள்ளும். மறுநாள் காலை மண்டபத்தைத் திறந்தபோது வாசலில் நாற்பது பேர் நின்றார்கள். தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்கள் பாதி, ஹைகேற் ஹில் முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் மீதி. எல்லாரும் பக்கத்துத் தெருக்காரர். கவுன்சில் ஆள் வருகிறார் என்பதால் பெண்கள் கூறைச் சேலையை எடுத்து உடுத்தியிருந்தார்கள். வெறுங்கையோடு போவது மரியாதையில்லை என்று ஆளுக்கொரு சட்டி. புட்டு, இடியப்பம், கட்லட், கோழிக்கறி எல்லாம் வரிசையாக உள்ளே போயின.

செபமாலைமுத்து தலையில் கைவைத்தார். ஆனால் வந்தவர்களைத் திரும்பிப் போங்கள் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

சேலை தெரியாதபடி எல்லாரையும் குளிர்க் கோட்டைப் போட்டுக் கழுத்துவரை பூட்டச் சொன்னார். திருநீறு பூசியவர்கள் துடைத்தார்கள். பொட்டு வைத்தவர்களும் துடைத்தார்கள், கமலாம்பிகையைத் தவிர.

"அவர் உயிரோட இருக்கேக்க நான் பொட்டை அழிக்கமாட்டன், தம்பி. கவுன்சில் என்ன, மகாராணி வந்தாலும் அழிக்கமாட்டன்."

கம்பளிச் சால்வையைப் புருவம்வரை இழுத்துக் கட்டி அந்தப் பிரச்சினை தீர்ந்தது. அடுத்தது பேச்சு. ஒருவருக்கும் இங்கிலிஸ் தெரியாது, விளங்கவும் விளங்காது, என்ன கேட்டாலும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று செபமாலைமுத்து கட்டளை போட்டார். ஓய்வுபெற்ற தபாலதிபர் யாக்கோப்புவுக்கு இது பெரிய அவமானம். நாற்பது வருடம் இங்கிலிஸில் கடிதம் எழுதிய மனிதர், கதிரையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

மிஸ் பென்ரோஸ் சொன்ன நேரத்துக்கு வந்தார். பெரிய தோடும் இளகிய மனமும் கொண்ட இளம்பெண். உள்ளே நாற்பது பேர் கோட்டோடு, மூச்சுக் காட்டாமல் இருந்தார்கள். செத்த வீட்டில்கூட இதைவிடச் சத்தம் இருக்கும்.

இவர்கள் ஏன் கோட்டைக் கழற்றவில்லை என்று அவர் கேட்டார். சூடான நாட்டுச் சனம், இந்தக் குளிர் தாங்காது என்றார் செபமாலைமுத்து. அதைக் கேட்டதும் அந்தப் பெண் தாமே எழுந்து போய் ஹீற்றர்களை ஒன்று விடாமல் கடைசிவரை திருகிவிட்டு வந்தார். கொஞ்ச நேரத்தில் நாற்பது நெற்றிகளிலிருந்தும் வியர்வை வடிந்தது. கமலாம்பிகை சால்வைக்குள் அவிந்தார். கோழிக்கறியின் மணம் வேறு மண்டபத்தை நிறைத்தது.

ஏன் இப்படி வியர்க்கிறது என்பது அடுத்த கேள்வி. ஆழம் தெரியாமல் காலை விட்டவர் நடுவில் நின்று யோசித்துப் பயனில்லை. பயம் என்று சொன்னார் செபமாலைமுத்து. ஊரில் ஆமிக்காரரால் பட்டவர்கள், அரசாங்க ஆள் யாரைக் கண்டாலும் இப்படித்தான் வியர்க்கும் என்றார்.

மிஸ் பென்ரோஸ் பேனாவை மூடி வைத்தார். விருப்பமிருந்தால் யாராவது ஒருவர் தமக்கு நடந்ததைச் சொல்லலாமா, மிஸ்டர் முத்து மொழிபெயர்ப்பாரா என்று மெல்லக் கேட்டார். செபமாலைமுத்து ஆளைத் தேடுமுன் யாக்கோப்பு எழுந்துவிட்டார். இங்கிலிஸ்தானே கூடாது? அவர் தமிழில் தொடங்கினார்.

"நான் தபால் கந்தோரில இருந்தனான். விடியக்காலமை ஆமி வந்தது. கரையில கிடந்த வள்ளமெல்லாம் கொளுத்தினவங்கள். என்ர மூத்தவன் வள்ளத்தைப் பாக்க எண்டு ஓடினவன், திரும்பி வரேல்லை. ஊரில இருக்கிற எல்லாருக்கும் கடிதம் பிரிச்சுக் குடுத்தனான், தம்பி. அவனிட்ட இருந்து எனக்கு ஒண்டும் வரேல்லை."

செபமாலைமுத்து சொல்லுக்குச் சொல் இங்கிலிஸில் சொன்னார். கூட்டவோ குறைக்கவோ எதுவும் இருக்கவில்லை. நாட்டின் பெயரைத் தவிர அதில் எதுவும் பொய்யில்லை. ஒரே தெருவில் இத்தனை வருடம் இருந்தும் யாக்கோப்பு இதை யாரிடமும் சொன்னதில்லை. மண்டபத்தில் பாதிப் பேர் அழுதார்கள், அந்த அழுகையில் நடிப்பு இருக்கவில்லை.

"இப்பிடி ஒண்டா இருந்து கதைக்க எங்களுக்கு எண்டு ஒரு இடம் கிடக்கே?" என்று கமலாம்பிகை மெற்றில்டாவின் காதுக்குள் சொன்னார்.

மிஸ் பென்ரோஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து யாக்கோப்புவின் இரண்டு கையையும் பிடித்து, நன்றி சொல்லத் தமக்குத் தெரிந்த ஒரே ஸ்பானிஷ் சொல்லைச் சொன்னார்.

"கிராசியாஸ்."

"ஓம்" என்றார் யாக்கோப்பு.

அத்தோடு முடிந்திருந்தால் எல்லாம் சுபம். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. துப்புரவு வேலைச் சட்டையோடு, மகளைக் கையில் பிடித்தபடி மர்லேனி உள்ளே வந்தார்.

தங்களால் ஒரு மனிதனின் வேலை போகிறதே என்று அவர் கண்ணை மூடவில்லையாம். மூச்சு விடாமல் ஸ்பானிஷில் பொரிந்து தள்ளினார். பெயர் கேட்டால் சொல்கிறேன், விலாசம் கேட்டாலும் சொல்கிறேன், விமானத்தில் ஏற்றினால் ஏற்றட்டும், நீங்கள் இல்லாமல் இவளை ஆபரேஷனுக்கு நான் எப்படிக் கொண்டுபோவேன் என்றார். வேறு எந்த நாளிலும் செபமாலைமுத்து அவரை முழந்தாளிட்டு வரவேற்றிருப்பார். இன்றைக்கு அவர் கண் பின்கதவைத் தேடியது.

மிஸ் பென்ரோஸுக்கு ஸ்பானிஷ் தெரியாதே தவிரக் காது நன்றாகக் கேட்கும்.

"இந்த அம்மா பேசுவது வேறு மொழிபோல இருக்கிறதே. இவர் எந்த நாடு?"

கொலம்பியா என்று சொன்னால் மற்ற நாற்பது பேரும் யார் என்ற கேள்வி வரும். செபமாலைமுத்துவின் மூளை ஓடவில்லை. நாக்கு நுனியில் கிடந்தது வழுக்கி விழுந்தது.

"இவர் ஒரு தமிழ் அம்மா. சிறிலங்கா."

நாற்பது தலைகளும் திரும்பி அந்தத் தமிழ் அம்மாவைப் பார்த்தன. மிஸ் பென்ரோஸின் முகம் மலர்ந்தது. மர்லேனியைத் தம் பக்கத்தில் இருத்தி, பிள்ளையின் வருத்தம் என்ன, ஆபரேஷன் எப்போது என்றெல்லாம் செபமாலைமுத்துவைக் கொண்டு கேட்டு எழுதினார். பெயரைக்கூட முழுதாகக் கேட்கவில்லை. ஆபரேஷன் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நிற்கக் கவுன்சில் செலவில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்வதாக வாக்குக் கொடுத்தார்.

செபமாலைமுத்து அவசரமாகக் குறுக்கிட்டார்.

"வேண்டாம், நானே போகிறேன். எனக்கும் கொஞ்சம் தமிழ் தெரியும்."

அதை மிஸ் பென்ரோஸ் மிகவும் மெச்சினார். மர்லேனிக்கு நடந்தது ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் மொழிபெயர்ப்பாளர் கூட வருவார் என்பது மட்டும் விளங்கியது. அவர் செபமாலைமுத்துவின் கையைப் பிடித்து அழுதார். இவ்வளவு பொய்க்குப் பிறகும் ஒரு நல்லது நடந்துவிட்டதே என்று செபமாலைமுத்துவுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

மிஸ் பென்ரோஸ் எழுந்து மண்டபத்தின் நடுவில் வந்து நின்றார். இந்தச் சேவையை மூடுவது என்ற பேச்சுக்கே இனி இடமில்லை என்று இங்கிலிஸில் உரக்கச் சொன்னார். இங்கிலிஸ் தெரியாத நாற்பது பேரும் கை தட்டினார்கள். முதலில் தட்டியவர் யாக்கோப்பு. நல்லகாலம், அந்தப் பெண் அதைக் கவனிக்கவில்லை. அவர் முழு மண்டபத்தையும் பார்த்துப் புன்னகைத்தபடி தொடர்ந்தார்.

"இந்த வட்டாரத்தில் தமிழர்கள் நிறைய இருக்கிறார்கள் என்று யாரோ சொல்லி, அவர்களுக்கென்று கவுன்சில் ஒரு கட்டிடமே ஒதுக்கி வைத்திருந்தது. வந்த நாளிலிருந்து தேடி, இன்றைக்குத்தான் ஒரேயொரு தமிழ் அம்மாவைக் கண்டேன், அவரும் உங்களிடம்தான் வருகிறார். அதனால் அந்தக் கட்டிடத்தையும் லத்தீன் அமெரிக்கர்களுக்கே எழுதிவிடப் போகிறேன். இதை இவர்களுக்கு விளங்கும்படி சொல்லுங்கள், மிஸ்டர் முத்து."