முதல் ஊசி யார் கையால?

அன்னிக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. நர்ஸ் கேட்டா "சரி"ன்னு சொல்லணும்.

எனக்கு அதுவே பெரிய வேலை. புடவைக் கடையில வேற கலர் இருக்கான்னு கேக்கக் கூச்சப்பட்டு, பிடிக்காத கலரையே வாங்கிட்டு வர்ற ஆளு நான்.

மயிலாப்பூர்ல ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பொண்ணு பொறந்து கொஞ்ச நேரம்தான் ஆகுது. சிஸ்டர் ஊசியோட வந்தாங்க.

"வைட்டமின் கே ஊசி. பொறந்த குழந்தைக்கு ரத்தம் உறையற சத்து ரொம்பக் கம்மி. போடலன்னா சில குழந்தைங்களுக்கு உள்ளயே ரத்தம் கசிஞ்சிடும், மூளையில கூட. தொடையில ஒரு ஊசி, அவ்வளவுதான். போட்டுடலாமா?"

மூளைன்னதும் குழந்தையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டேன். சரின்னு சொல்ல வாயைத் திறந்தேன். அதுக்குள்ள எங்க அத்தை வந்துட்டாங்க. வீட்டுக்காரரோட அம்மா. சைதாப்பேட்டையில மீன் விக்கிறவங்க.

"சேனை வைக்கக் கூடாதுன்னுட்டீங்க இல்ல?"

சேனைன்னா, நல்ல குணமுள்ளவங்க குழந்தை நாக்குல சர்க்கரைத் தண்ணி தொட்டு வைக்கிறது. வச்சவங்க குணம் குழந்தைக்கு வரும்பாங்க.

"தாய்ப்பால் தவிர எதுவும் கூடாதும்மா."

"அப்போ வெளியாளு கையால மொதல்ல உள்ள போறது உன் ஊசிதான். உன் குணம்தான் வரும். நீ இன்னா மாதிரி ஆளு, சொல்லு."

சிஸ்டர் சிரிச்சாங்க. "நான் சாதுதாம்மா."

"மாமியாரோட சண்ட போடுவியா?"

"அது எதுக்கு உங்களுக்கு?"

"பாத்தியா, கோவம் வருது."

"வரலம்மா."

"வந்துகினு கீது. மூக்கு செவக்குது பாரு."

கோவமே வராத வேற சிஸ்டரை அனுப்பச் சொன்னாங்க அத்தை. பாவம், வந்தாங்க. சாந்தமான முகம். கேட்ட கேள்விக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாங்க.

"இது வாயே தொறக்கல. வேணாம்," அத்தை என் பக்கம் கையைக் காட்டினாங்க. "ஊட்ல ஏற்கெனவே ஒண்ணு கீது."

அப்புறம், வெளியில ஸ்ட்ரெச்சர் தள்ளிட்டுப் போன அண்ணனைப் பார்த்தாங்க. "அந்தத் தம்பி நல்ல குணமா தெரியுது. அவரு போடட்டுமே."

அந்த அண்ணன் ஸ்ட்ரெச்சரை விட்டுட்டே போயிட்டாரு.

"அம்மா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு சிஸ்டர்"ன்னார் எங்க வீட்டுக்காரர். கடைசியா யார் பேசினாங்களோ அவங்க பக்கம்தான் அவர் எப்பவும்.

முதல் சிஸ்டர் நேரா என்கிட்ட வந்தாங்க. "குழந்தைக்கு அம்மா நீங்கதானே? நீங்க சொல்லுங்க. வேணுமா, வேணாமா?"

எல்லாரும் என்னையே பார்க்கிறாங்க. நான் குனிஞ்சுக்கிட்டேன். குனிஞ்சா அங்க குழந்தை தலை. என் உள்ளங்கைக்குள்ளயே அடங்குது. அந்த மூளை இதுக்குள்ளதானே இருக்கு.

"போடுங்க சிஸ்டர்!"

யார் இப்படிக் கத்தினதுன்னு நானே திரும்பிப் பார்த்தேன். பக்கத்து ரூம்காரங்க எட்டிப் பார்த்தாங்க. வீட்டுக்காரர், "போடுங்க, போடுங்க"ன்னார்.

நான் மனசு மாத்திக்கிறதுக்குள்ள சிஸ்டர் குத்திட்டாங்க. பொண்ணு போட்டா பாருங்க ஒரு கத்து. மாடிப்படி வரைக்கும் கேட்டிருக்கும்.

"வந்துடுச்சு"ன்னாங்க அத்தை. "அப்படியே சிஸ்டரு குணம்."

இப்ப பொண்ணு தவழுறா. பால் கொஞ்சம் லேட்டானா தெருவே திரும்பிப் பார்க்கும். சிஸ்டர் குணம்னு அத்தை சொல்லுவாங்க. அத்தை குணம்னு வீட்டுக்காரர் சொல்லுவார், அத்தை மார்க்கெட் போனப்புறம்.

யாரும் என்னைச் சந்தேகப்படல.